அத்தை பார்த்த வீடு

வீடு பார்க்கப் போகும்போது அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போகாதே என்று இவர் படித்துப் படித்துச் சொன்னார். சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். அத்தையோ கட்டைப்பையோடு வாசலில் ரெடி. பைக்குள் ஒரு காலி பாட்டில், பொட்டலத்தில் சீவி வைத்த குளியல் சோப்பு. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அத்தையைத் தெரிந்த நீங்களும் கேட்க மாட்டீர்கள்.

மடிப்பாக்கத்தில் கீழ்த்தளம், ரெண்டு பெட்ரூம். நான் ஹாலில் பீரோ நிற்குமா என்று யோசிப்பதற்குள் அத்தை வீட்டிலிருந்த அத்தனை குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு ஃப்ளஷ்ஷையும் அழுத்தியாயிற்று. சமையலறைக் குழாய் ரெண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. அடுத்து உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய். அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணி குடித்து வளர்ந்த நாக்கு, சும்மா விடுமா? "ஏட்டி, இதுல பருப்பு வேகுமா?" உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு குக்கரையே தோற்கடிக்கும் என்பது இந்தப் பக்கத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அத்தைக்கு ஆதாரம் வேண்டும். பாட்டிலில் தண்ணீரும் சோப்பும் போட்டுக் குலுக்கினார். நுரைக்குப் பதில் தயிர் மாதிரி ஏதோ திரிந்து மிதந்தது. அதை ஓனரம்மா முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

ஓனரம்மா அசரவில்லை. எத்தனை பேர், என்ன வேலை, சொந்தக்காரங்க வந்தா எத்தனை நாள் தங்குவாங்க, ராத்திரி எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துவீங்க, அசைவம் உண்டா? "ஞாயித்துக்கிழமை மட்டுந்தான்" என்றார் அத்தை, கண் இமைக்காமல். எங்கள் வாசலில் தவம் கிடக்கும் பூனைகள் கேட்டிருந்தால் மானநஷ்ட வழக்கே போட்டிருக்கும்.

கரண்டுக்குத் தனி சப் மீட்டர், யூனிட் ஒன்பது ரூபாய். ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அரசாங்கம் கொடுக்கிறதே, அது யாருக்கு என்றேன். பதிலுக்கு ஃபேன் ஓடும் சத்தம்தான். அட்வான்ஸ் பத்து மாசம். 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தில் மூணு மாசம்தான் போட்டிருக்கு என்று இவர் சொல்லி அனுப்பியிருந்ததை ஒப்பித்தேன். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான் மூணு மாசம் என்று அதே சட்டத்தில் இருப்பதை நான் விழுங்கியிருந்தேன். ஓனரம்மா விழுங்கவில்லை. "அதான் நாம ஒப்பந்தம் போடப் போறோமே!"

எல்லாவற்றையும் விடுங்கள், அந்த ஸ்விட்ச் போர்டுகள்! ஒரு பிளக் பாயிண்ட் கூட என் தோளுக்குக் கீழே இல்லை. மிக்ஸி போட எக்க வேண்டும், செல்போன் சார்ஜ் போட எக்க வேண்டும். "மழைத் தண்ணி உள்ள வருமா?" என்றேன். "2015-லயே வரலைம்மா." அப்புறம் எதற்குக் கரண்டு இவ்வளவு உயரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது? வெளியே வந்து தெருமுனை இஸ்திரி வண்டி அண்ணனிடம் கேட்டேன். "2015-ல வந்துச்சுக்கா. ஆனா 2023 டிசம்பர்ல வந்ததைப் பாத்தா, அதெல்லாம் வந்ததாவே கணக்கில்ல" என்று தொடையைத் தொட்டுக் காட்டினார்.

சரி, முடிந்தது கதை, கிளம்பலாம் என்று திரும்பினால் அத்தையைக் காணோம். மாடியில் ஓனரம்மாவோடு காபி. அவருக்கும் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சியாம், ஆத்துக்கு அந்தக் கரை. பிள்ளைகள் ரெண்டும் வெளிநாடு. வெள்ளத்தன்று மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்திருந்ததை ஓனரம்மாவே அத்தையிடம் சொல்லிவிட்டாராம். என்னிடம் வராத வெள்ளம், அம்பாசமுத்திரத்துக்காரர் என்றதும் அத்தையிடம் வந்துவிட்டது.

வீடு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஆனால் அத்தை மட்டும் சாயங்காலமானால் ஷேர் ஆட்டோ ஏறி அங்கே போய்விடுகிறார். ராத்திரி அவங்க கதவைச் சாத்தின பிறகுதான் கிளம்புவாராம். நேற்று நார்த்தங்காய் ஊறுகாய், இன்றைக்கு நான் இட்லிக்கு ஆட்டி வைத்த மாவில் பாதி. எங்கள் ஓனர் ஆடிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறக் கூடாது என்று சொல்லப்போவதும் இதே அத்தைதான். ப்ரோக்கர் வேறு போன் போட்டு, "வீடு பிடிச்சுப் போச்சாமே, பெரியம்மா தினமும் வர்றாங்களே, என் கமிஷன்?" என்கிறார்.