கண்ணாடியைத் தட்டிப் பார்க்க முடியாத மானி

மலர்க்குழுவினர் பள்ளி நினைவு ஒன்று எழுதித் தரும்படி கேட்டார்கள். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா பற்றியெல்லாம் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு மனதில் நிற்பது பௌதிகவியல் ஆய்வுகூடமும், அங்கே எங்களைப் பாடாய்ப்படுத்திய எங்கள் சேரும்தான். என்னுடைய இன்றைய தொழிலுக்கு அடித்தளம் அந்த ஆய்வுகூடம் என்று வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

தொழில் இதுதான். எங்கோ தொலைவில் ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒரு பம்பி நிலையம், ஆளில்லாத இடத்தில் ஓடும் குழாய். அவற்றில் பொருத்திய உணரிகள் அளப்பதை வேறோர் ஊரில் இருப்பவர் இணைய உலாவியைத் திறந்து பார்க்க வேண்டும். தேவையென்றால் அங்கிருந்தபடியே வால்வை மூட வேண்டும். அதற்கான திரைகளை அமைப்பதும், மற்றவர்கள் அமைத்த திரைகளைச் சோதிப்பதும் என் வேலை. பார்ப்பவருக்கு அது சாதாரண வலைப்பக்கம். சில வட்டங்கள், சில கோடுகள், சில எண்கள். அந்த எண்ணை நம்பலாமா என்பதுதான் எனக்குச் சோறு போடும் கேள்வி.

சேருக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. மானியை இணைக்கும் முன் பூச்சிய வழு, அதாவது எதையும் அளக்காதபோதே முள் பூச்சியத்தை விட்டு விலகி நிற்கிறதா என்று, பார்க்க வேண்டும். முள் நின்ற இடத்தை எழுதும் முன் கண்ணாடியை விரல் நுனியால் மெல்லத் தட்ட வேண்டும். சிக்கிக்கொண்ட முள் தட்டியதும் துள்ளி வேறோர் இடத்துக்குப் போய் நிற்கும். அப்புறம் நேரம். குளிரல் வளையிப் பரிசோதனையில் அரை நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு எடுக்க வேண்டும். பின் வாங்கில் இருந்த ஒருவன் வெப்பமானியை ஏறெடுத்தும் பார்க்காமல், அழகாகப் படிப்படியாக இறங்கும் எண்களைக் கொப்பியில் நிரப்பிக்கொண்டிருந்தான். சேர் கொப்பியைப் பார்க்கவில்லை. கலோரிமானியின் பக்கத்தில் புறங்கையை வைத்தார். "தம்பி, இது இன்னும் சுடுது. உன்ர கொப்பியில ஆறிப்போச்சே! எத்தினை மணிக்கு எடுத்த வாசிப்பு?" வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பூச்சியத்தில் தொடங்குகிறேன். தொழிற்சாலை உணரி தன் அளவைக் கம்பி வழியாகச் சொல்லும் பழைய முறை, இன்றும் பரவலாக உள்ள முறை, 4 முதல் 20 மில்லிஅம்பியர் மின்னோட்டம். தாங்கி வெறுமை என்றால் 4, பாதி என்றால் 12, நிரம்பினால் 20. நீளமான கம்பியில் வோல்ற்றளவு குறையலாம். தொடர்ச்சுற்றில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே. மறுமுனையில் 250 ஓம் தடை ஒன்றைப் போட்டால் 1 முதல் 5 வோல்ற்று கிடைக்கும். ஓமின் விதிக்கு மேல் இதில் ஒன்றுமில்லை. சரி, பூச்சியத்தில் தொடங்காமல் ஏன் 4இல்? கம்பி அறுந்தாலும் மின்னோட்டம் பூச்சியம்தானே. தாங்கி வெறுமை என்பதும் கம்பி அறுந்தது என்பதும் ஒரே எண்ணாக வந்துவிடக் கூடாது. ஆகவே 3.6க்குக் கீழே போனாலும் 21க்கு மேலே போனாலும் அதை அளவாக எடுக்காமல் கோளாறாக எடுப்பது வழக்கம்.

இவ்வளவு கவனமாக ஒருவர் யோசித்து வைத்ததை வலைப்பக்கத்தில் ஒரே வரியில் அழித்துவிடலாம். கம்பி அறுந்ததும் கணக்கில் மட்டம் −25 சதவீதம் என்று வரும். மறைப்பெறுமானம் திரையில் அசிங்கமாகத் தெரிகிறதே என்று, பூச்சியத்துக்குக் கீழே போனால் பூச்சியம் என்றே காட்டு என எழுதிவிடுவார் நிரலாளர். அவ்வளவுதான். அறுந்த கம்பி வெறும் தாங்கியாகிவிட்டது. தாங்கி வெறுமை என்று கண்டதும் பம்பி தானாக ஓடத் தொடங்கும்; ஏற்கனவே நிரம்பியிருக்கும் தாங்கிக்குள்.

நேரத்தின் கதை இதைவிடப் பெரியது. கருவிகள் தமக்குள் எப்படிப் பேச வேண்டும் என்று வகுப்பதுதான் நெறிமுறை. 1979இல் மொடிக்கொன் நிறுவனம் வெளியிட்ட மொட்பஸ் நெறிமுறை இன்றும் உலகெங்கும் ஓடுகிறது. எளிமையானது, எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் அது தருவது கருவியின் நினைவகத்தில் பதிவேடு எனப்படும் 16 பிட் இடத்தில் உள்ள ஓர் எண் மட்டுமே. 0 முதல் 65535 வரை. அது டிகிரியா, லீற்றரா, எப்போது அளந்தது, நல்ல அளவா கெட்ட அளவா என்ற எதுவும் அதில் கிடையாது. தசம எண் ஒன்றை அனுப்ப வேண்டுமானால் பெரும்பாலும் இரண்டு பதிவேடுகளைச் சேர்க்க வேண்டும். இரண்டில் எது முதலில் என்பதில் அனுப்புபவரும் வாங்குபவரும் ஒத்துப்போகாவிட்டால், தாங்கிக்குள் ஒரு கடலே இருப்பதாகத் திரை சொல்லும். இந்தப் பிழை நல்ல பிழை, பார்த்ததும் தெரிந்துவிடும். பார்த்ததும் தெரியாதது பழைய எண்.

எம்.கியூ.ரி.ரி. நெறிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.பி.எம். நிறுவனத்தின் அன்டி ஸ்டான்போர்ட்-கிளார்க்கும், வேறு நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்லன் நிப்பரும் 1999இல் உருவாக்கியது. எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிக்க வேண்டியிருந்தது. செய்மதித் தொடர்புக்குச் செலவு அதிகம். ஆகவே பேச்சைச் சுருக்கினார்கள். பத்து வினாடிக்கொருமுறை "ஏதாவது புதிதா?" என்று கேட்காமல், மாற்றம் வந்தால் மட்டும் உணரியே சொல்லட்டும் என்பது ஏற்பாடு. நடுவில் இருக்கும் தரகர் கணினி அதை வேண்டியவர்களுக்கெல்லாம் பகிரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓர் உணரி ஒரு மணி நேரமாகப் பேசவில்லை என்றால், அங்கே அமைதியா, அல்லது உணரி செத்துவிட்டதா? இரண்டும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். அதை வகுத்தவர்கள் இதையும் யோசித்திருக்கிறார்கள். கருவி இணையும்போதே தன் கடைசி வாக்குமூலத்தைத் தரகரிடம் கொடுத்துவைக்கலாம். குறித்த நேரத்துக்குள் அதன் மூச்சுச் சத்தம் கேட்காவிட்டால் தரகர் அதை எல்லோருக்கும் அறிவிப்பார். வசதி இருக்கிறது. பயன்படுத்தாமலே விட்ட திட்டங்களைத்தான் அடிக்கடி காண்கிறேன்.

அதே நெறிமுறையில் இன்னொரு வசதியும் உண்டு. கடைசியாக வந்த அளவைத் தரகர் வைத்திருந்து, புதிதாகப் பக்கத்தைத் திறப்பவருக்கு உடனே கொடுப்பார். திரை வெறுமையாக இருக்காது, அது நல்லதுதான். ஆனால் நேற்று இரவு இறந்த உணரியின் எண் இன்று காலை பளிச்சென்று வந்து நிற்கும். பக்கத்தை மீண்டும் மீண்டும் புதுப்பித்துப் பார்த்தாலும் அதே எண்தான். புதுப்பிக்கப்படுவது பக்கம், அளவு அல்ல. திரையின் மூலையில் ஓடும் கடிகாரத்தைக் காட்டி "நேரலையாக வருகிறது பாருங்கள்" என்பார்கள். அது உலாவியின் கடிகாரம்! எனக்கு வேண்டியது உணரி அளந்த நேரம்.

சிக்கிய முள்ளால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இங்கிலாந்தின் பன்ஸ்பீல்ட் எண்ணெய்க் கிடங்கைப் பற்றி. 2005 டிசம்பர் 11, அதிகாலை 3 மணி அளவில், பெற்றோல் நிரம்பிக்கொண்டிருந்த 912ஆம் தாங்கியின் மட்டமானி சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் மட்டம் நேர்கோடாக நின்றது. பெற்றோல் தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மட்டம் எல்லை மீறினால் தானாக நிறுத்த வேண்டிய தனி ஆளியும் வேலை செய்யவில்லை. தாங்கி வழிந்து, ஆவி மேகமாகப் பரவி, 6 மணி கடந்ததும் வெடித்தது. திரையில் ஒரு சிவப்பு விளக்குக்கூட எரியவில்லை. உள்ளே எவ்வளவு ஓடுகிறது என்பது ஒன்று, தாங்கி உயராமல் நிற்பது இன்னொன்று. இரண்டையும் ஒப்பிடும்படி ஒரு சின்னக் கணக்கு இருந்திருந்தால் அதுவே கண்ணாடியைத் தட்டிப் பார்த்த மாதிரி. இப்போது நான் பார்க்கும் ஒவ்வொரு தாங்கித் திரையிலும் அந்தக் கணக்கு இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.

அலாரங்களை நிறைய வைத்தால் போதாதா? போதாது. வேல்ஸில் உள்ள மில்போர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் 1994இல் வெடிப்புக்கு முந்திய கடைசி 11 நிமிடங்களில் இயக்குநர்கள் இருவருக்கு வந்த அலாரங்கள் 275. எதைப் படிப்பார்கள், எதைச் செய்வார்கள்? தாங்கிக்குள் நீல அலை ஆடுவது, பம்பி சுழல்வது போன்ற அசைபடங்கள் மேலும் கண்ணைக் குழப்பும். சாம்பல் நிறப் பின்னணி, கோளாறுக்கு மட்டும் நிறம் என்பதுதான் என் கட்சி. வாங்க வருபவர்களுக்கு முதல் பார்வையில் அது பிடிப்பதேயில்லை.

பார்ப்பது ஒன்று, இயக்குவது இன்னொன்று. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திறீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பலகையில் இருந்த விளக்கு அணைந்தது. மூடும்படி கட்டளை போனதையே அந்த விளக்கு காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பது அதற்குத் தெரியாது. இயக்குநர்கள் 2 மணி நேரத்துக்கு மேல் அது மூடியிருக்கிறது என்றே நினைத்தார்கள். இன்றைய வலைத்திரைகள் பலவற்றில் அதே விளக்கு அப்படியே இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் நிறம் மாறும், ஏனென்றால் பயனருக்கு உடனே ஏதாவது நடந்த உணர்வு வர வேண்டுமாம். பாடல் கேட்கும் செயலிக்கு அது சரி. வால்வுக்கு, கட்டளை போனது என்று ஒரு நிறம், தண்டு முழுதாகத் திரும்பி முடிவிட ஆளியைத் தொட்டதும் வேறு நிறம், குறித்த நேரத்துக்குள் தொடாவிட்டால் மூன்றாவது நிறம் வேண்டும். ஆபத்தான நேரத்தில் தானாக நிறுத்தும் தர்க்கமோ, வால்வின் அருகில் இருக்கும் பி.எல்.சி. எனும் சிறு கட்டுப்பாட்டுக் கணினிக்குள் இருக்க வேண்டும். இணையம் அறுந்தால் வலைப்பக்கமும் போய்விடும் அல்லவா?

பம்பிப் பலகையில் உள்ளூர், தொலை என்று இரு நிலை கொண்ட ஓர் ஆளி இருக்கும். பழுது பார்ப்பவர் மின்சாரத்தைத் துண்டித்துத் தன் பூட்டைப் போடுவார். இந்த ஆளியையும் உள்ளூருக்குத் திருப்புவார். அதன்பின் எத்தனை மைல் தொலைவிலிருந்து யார் பொத்தானை அழுத்தினாலும் பலகை கேட்காது. அந்த ஆளி எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் திரையில் காட்டாமல் விடுபவர்களோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன். இப்படிப்பட்ட பக்கங்களைக் கடவுச்சொல்கூட மாற்றாமல் பொது இணையத்தில் திறந்துவிடுபவர்களைப் பற்றி எழுதப்போனால் மலர் காணாது.

புதிய திரை ஒன்றை ஒப்புக்கொள்ளும் நாளில் நான் செய்வது எளிது. செய்முறைக்குப் பாதிப்பு வராத ஓர் உணரியைத் தெரிவுசெய்து, நிலையத்தில் நிற்பவரிடம் தொலைபேசியில் சொல்லி, அதன் கம்பியைக் கழற்றச் சொல்வேன். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எண் சாம்பலாகி, பக்கத்தில் கடைசியாக அளந்த நேரம் வந்தால் கையெழுத்து. பூச்சியம் வந்தாலோ, பழைய எண்ணே பச்சையாக நின்றாலோ கையெழுத்து இல்லை. ஒப்பந்தக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போவார். அடுத்த முறை வரும்போது பெரும்பாலும் நேரத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். ஆனால் உணரி அளந்த நேரத்தை அல்ல, அளவு கணினிக்கு வந்துசேர்ந்த நேரத்தைப் போட்டிருப்பார். மறுபடியும் கம்பியைக் கழற்றச் சொல்வேன்.