மார்கழிப் பனியில் 200 அடி

சின்ன விமானம் ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் மார்கழி, தை விடியற்காலைகள்தான் சோதனைக் காலம். வடகிழக்குப் பருவமழையில் ஊறிய மண், மேகம் கலைந்த வானம், காற்று அசையாத இரவு, இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் மறுநாள் காலை பெங்களூர் விமான நிலையத்தில் பனிமூட்டத்தை எதிர்பார்க்கலாம். தரை தன் சூட்டையெல்லாம் விட்டுவிட்டுக் குளிர்கிறது, அதை ஒட்டிக் கிடக்கும் ஈரக்காற்று வெள்ளையாகத் திரண்டுவிடுகிறது. எங்கள் பாலக்கோட்டில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். "வானம் வெளுத்துக் கெடக்கு, காலையில பனி கொட்டும்" என்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போதே சொல்லிவிடுவார்கள். நான் கூடுதலாகப் பார்ப்பது வெப்பநிலைக்கும் டியூ பாயின்டுக்கும் (காற்றிலுள்ள ஈரம் திரளத் தொடங்கும் வெப்பநிலை) நடுவே எத்தனை டிகிரி இருக்கிறது என்பதைத்தான். இரண்டும் நெருங்கி வந்தால் எரிபொருளைக் கூட்டச் சொல்லிவிடுவேன். பொழுது விடிந்தால் பனி விலகிவிடும் என்றும் நம்பி இருக்க முடியாது. சூரியன் வந்த புதிதில் தரையோரக் காற்று லேசாகக் கலங்கும். அப்போது பனி இன்னும் அடர்த்தியாவதுண்டு.

நான் ஓட்டுவது கிங் ஏர், இரண்டு டர்போபிராப் இன்ஜின் உள்ள சார்ட்டர் விமானம். அன்று சென்னையிலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம். பின்னால் கிருஷ்ணகிரியைச் சேர்ந்த ஒரு கிரானைட் தொழிலதிபர். துறைமுக வேலையை முடித்துக்கொண்டு, பெங்களூரில் வெளிநாட்டுக்காரர்களைப் பார்க்கப் போகிறார். பக்கத்து சீட்டில் ஓசூரைச் சேர்ந்த இளம் கோ-பைலட். போய்ச் சேரும்போது ரன்வே விசிபிலிட்டி, அதாவது ரன்வேயில் கண்ணுக்குத் தெரியும் தூரம், 400 மீட்டர். எங்களுக்கு வேண்டியது 550. சரி, ஹோல்டிங்கில் சுற்றினோம், அதாவது மேலேயே வட்டமடித்துக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் 600 என்றார்கள், அப்ரோச்சுக்கு, அதாவது ரன்வேயை நோக்கி இறங்க, திரும்பினோம்.

பனியில் இறங்க எங்களுக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் என்பது அடிப்படையில் ரன்வே பக்கத்திலிருந்து வரும் இரண்டு ரேடியோ சமிக்ஞைகள். லோகலைசர் இடம் வலம் சொல்லும், கிளைட் ஸ்லோப் மேலே கீழே சொல்லும். சரிவு 3 டிகிரி. 120 நாட் வேகத்தில் நிமிடத்துக்கு 600 அடிக்குச் சற்று மேலாக இறங்கிக்கொண்டிருந்தால் இரண்டு குறிகளும் நடுவில் நிற்கும். கருவியை மட்டும் பார்த்து ஏறி இறங்க முடியும் என்று ஜிம்மி டூலிட்டில் நியூயார்க்கில் செய்துகாட்டியது 1929 செப்டம்பர் 24ஆம் தேதி. அவர் உட்கார்ந்திருந்த காக்பிட்டை முழுக்க மூடிவிட்டிருந்தார்கள். கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. கண்ணைக் கருவியை விட்டு எடுக்கக் கூடாது என்பது மாறவில்லை.

தரையிலிருந்து 1,000 அடி உயரத்தைத் தாண்டிக் கீழே வந்த பிறகு டவரிலிருந்து விசிபிலிட்டி 450 மீட்டர் என்று குரல் வந்தது. அந்த உயரத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் அப்ரோச்சைத் தொடரக் கூடாது. தாண்டிய பிறகு சொன்னால் 200 அடி வரைக்கும் போய்ப் பார்க்க விதி இடம் தருகிறது. பெங்களூர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி மேலே இருப்பதால், கடல்மட்டத்திலிருந்து உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் 3,200 அடியைக் காட்டும்போது அந்த 200 அடி வரும். நான் கருவியைப் பார்க்கிறேன், கோ-பைலட் வெளியே பார்க்கிறார். "ஹண்ட்ரட் அபவ்" என்கிறார், அந்த 200 அடிக்கு இன்னும் 100 அடி இருக்கிறது என்று அர்த்தம். என் ஓரக்கண்ணில், ஜன்னலுக்கு நேர் கீழே, ஒரு மண்பாதையும் வரப்பும் துல்லியமாகத் தெரிந்து மறைந்தன.

பனியில் பலர் ஏமாறுவது இங்கேதான். மூட்டத்தின் கனம் சில நூறு அடிதான், அதனால் செங்குத்தாகக் கீழே பார்த்தால் தரை தெரிந்துவிடும். நாம் இறங்கப்போவது முன்னால் இருக்கும் ரன்வேயில். அந்தப் பக்கம் பார்வை மூட்டத்துக்குள் சாய்வாக வெகுதூரம் போக வேண்டும், அங்கே ஒன்றுமே இருக்காது. கீழே தெரிந்த வரப்பு 'இதோ வந்துவிட்டோம்' என்று மனசுக்கு ஒரு தைரியத்தைக் கொடுக்கும். அந்தத் தைரியத்துக்கு அப்ரோச்சில் எந்த மதிப்பும் கிடையாது. அப்ரோச் லைட்டோ ரன்வேயோ தெரிந்தால்தான் 200 அடிக்குக் கீழே போகலாம்.

"மினிமம்ஸ். நோ காண்டாக்ட், சார்."

"கோ அரவுண்ட்."

200 அடி வந்தும் ரன்வே தெரியவில்லை, இறங்குவதை விட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். பவர் முழுசாக, மூக்கு மேலே, ஏறுகிறது என்று உறுதியானதும் சக்கரங்கள் உள்ளே. சொல்வது சுலபம். அந்த நேரத்தில் உடம்பு சொல்வதை ஒரு நொடிகூட நம்பக் கூடாது. வேகம் திடீரென்று கூடும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அதை மூக்கு மிதமிஞ்சி மேலே தூக்கியதாக எடுத்துக்கொள்கிறது. மூக்கைக் கீழே இறக்க, கை தானாக யோக்கை (விமானத்தின் ஸ்டியரிங்) முன்னால் தள்ளப் பார்க்கும். வெளியே அடிவானம் இருந்தால் கண் அதைத் திருத்திவிடும், வெள்ளைக்குள் திருத்த ஆள் இல்லை. 200 அடியில் முன்னால் தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1954இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்ட வைத்துப் பார்த்தார்கள். எல்லோருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடியில். மூன்று நிமிடம்கூட இல்லை. பயிற்சி இருக்கிறவனுக்கும் காது அதே காதுதான். விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியான ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் காட்டுவதை மட்டும் நம்பக் கற்றிருக்கிறான், அவ்வளவுதான்.

சென்னைக்கே திரும்பினோம். இறங்கியதும் கிரானைட்காரர் போனில் டிரைவரிடம் பேசிவிட்டு நேராக என்னிடம் வந்தார். "ஏன் தம்பி, பெரிய பிளேனெல்லாம் எறங்கிட்டுதான் இருக்காமே? நாம மட்டும் ஏன் திரும்பினோம்? அதுவும் முடியலேன்னா ஓசூர்ல எறக்கியிருக்கலாமே?"

நியாயமான கேள்வி. "அண்ணா, பெங்களூர்ல ஒரு ரன்வேயில கேட்-3பி வசதி, அதாவது அடர்ந்த பனியிலயும் இறங்க வைக்கிற ஐஎல்எஸ் இருக்கு. அதுல 50 மீட்டர் தெரிஞ்சாலே இறங்கலாம். ஆனா தரையில இருந்தா மட்டும் போதாது. விமானத்துல அதுக்குத் தகுந்த கருவி வேணும், எங்களுக்கும் தனிப் பயிற்சி, அனுமதி வேணும். நம்ம விமானம் கேட்-1, அதுக்கு 550 மீட்டர் தெரியணும். ஓசூர்ல ஐஎல்எஸ்ஸே கிடையாது. அதுவும் இதே 3,000 அடி மேட்டுநிலம்தான், இதே பனிதான்." அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. காபி வாங்கி வரச் சொன்னார், எங்களுக்கும் சேர்த்து.

இதைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமாவிடம் சொன்னேன். சேலம், பெங்களூர் என்று லாரி ஓட்டியவர், தொப்பூர் கணவாயின் ஒவ்வொரு வளைவும் தெரிந்தவர். எல்லோரும் பயமாக இருந்ததா என்று கேட்பார்கள். அவர் கேட்டது வேறு: "அத்தனை நேரம் சுத்துறதுக்கு டேங்க்ல எவ்வளவு இருந்துச்சு மாப்ள? நான் பனின்னா வண்டியை டீக்கடைகிட்ட ஓரங்கட்டிடுவேன். நீ எங்க கட்டுவே?"

கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். விவரமாகச் சொன்னேன். பெங்களூர் வரை போக, அங்கே ஒரு தடவை முயன்று பார்க்க, மாற்று நிலையத்துக்குப் போக, அங்கே 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் பறக்க, இத்தனைக்கும் இருந்தாக வேண்டும். பிஸ்டன் இன்ஜின் என்றால் கடைசிக் கணக்கு 45 நிமிடம். இதெல்லாம் விதி. அதற்கு மேல் பனிக்காலத்தில் நானாகக் கூடுதலாக ஏற்றுகிறேன், ஹோல்டிங்கில் சுற்றியது அதில்தான். அது தீரும் நேரத்தைக் கிளம்பும் முன்பே தாளில் குறித்து, கோ-பைலட்டையும் பார்க்கச் சொல்லிவிடுவேன். அந்த நேரம் வந்தால் பனி விலகுகிற மாதிரி தெரிந்தாலும் மாற்று நிலையத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மேலே சுற்றிக்கொண்டு யோசித்தால் 'இன்னும் ஐந்து நிமிடம்' என்றுதான் தோன்றும். மாமா இதை இரண்டு தரம் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார்.

அன்று பத்து மணிக்கு மேல் பனி விலகியதும் மறுபடி கிளம்பி, வெயிலில் இறங்கினோம். கிரானைட்காரரின் சந்திப்பு மதியத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. அடுத்த பயணத்துக்கு அவரே போன் செய்தார். "தை முடியற வரைக்கும் காலையில பத்து மணிக்கு மேல வெச்சுக்கலாம் தம்பி" என்றார். அப்படியே பதிவு செய்துகொண்டோம்.