தாய்பேயில குப்பை வண்டிக்கு காத்து நிண்ட சனம்

தாய்வான்ட தலைநகர் தாய்பே எண்டா எனக்கு முதல் தெரிஞ்சது அந்த 101 மாடிக் கட்டடம் ஒண்டுதான், 508 மீட்டர், கொஞ்ச வருஷம் உலகத்திலயே உயரமானதா இருந்தது. போய்ப் பாத்தன், வடிவுதான், ஆனா திருகோணமலைக்கு வந்த பிறகு ஆக்கள் "எப்பிடி ஊர்?" எண்டு கேட்டா நான் விடாமக் கதைக்கிறது குப்பை வண்டியப் பத்தித்தான்.

போன அண்டைக்குப் பின்னேரம், இருட்டி வர, தங்கின ஒழுங்கைக்குள்ள எங்கட ஊரில வீடு வீடாப் பாண் விக்க வாற ஓட்டோன்ட சத்தம் கேக்குது. சத்தியமா அதே மெட்டு, பீத்தோவன் போட்டது, திருகோணமலை உவர்மலையில மாலு பாணும் சீனி பணிசும் கொண்டு வாறவர் போடுற அதே மெட்டு! எட்டிப் பாத்தா பெரிய மஞ்சள் லொறி ஒண்டு வருது, ரெண்டு பக்கமும் சனம் கையில பையோட நிக்குது. நான் தங்கின வீட்டுத் தம்பி தமிழ்நாட்டுக்காரர், அங்க பிஎச்டி செய்யிறார், "அண்ணா வண்டி வந்துடுச்சு, இத விட்டா நாளைக்கு புதன், வராது" எண்டு பையத் தூக்கிக்கொண்டு படியால இறங்கி ஓடுறார், நானும் பின்னால ஓடினன்.

புதனும் ஞாயிறும் வண்டி இல்லை. மற்ற நாளில குறிச்ச நேரத்துக்குக் குறிச்ச இடத்தில கொஞ்ச நேரம்தான் நிக்கும், றோட்டில குப்பைய வச்சிட்டுப் போகேலாது, அவரவர் கையாலயே லொறிக்குள்ள எறியோணும். எனக்குப் பக்கத்தில ஒரு அம்மம்மா. பால் பெட்டியக் கழுவிக் காய வச்சு, போத்தல நசிச்சு, அவ்வளவு நேர்த்தியாக் கொண்டு வந்திருந்தா. பின்னால வாற மற்ற லொறிக்கு அதுகள். சமைச்ச மிச்சம் ஒரு வாளிக்கு, பச்சை மரக்கறித் தோல் இன்னொண்டுக்கு. நிண்ட சனம் முழுக்க கதைச்சுச் சிரிச்சுக் கொண்டுதான் நிக்குது, பக்கத்து வீட்டாரோட சுகம் விசாரிக்கிற நேரமும் அதுதான் போல.

மெட்ரோவும் அப்பிடித்தான், 1996ல தொடங்கினது, தரையில போட்ட கோட்டில லைனா நிப்பினம், எஸ்கலேட்டர்ல வலப்பக்கம் நிப்பினம், உள்ளுக்குத் தண்ணி கூடக் குடிக்கேலாது, குடிச்சா 1,500 தாய்வான் டொலர்ல இருந்து 7,500 வரைக்கும் தண்டம். ஆனா எல்லாம் தண்டத்துக்குப் பயந்துதான் எண்டு நான் நம்பேல்ல. குப்பை விஷயத்தில அவங்கள் வேற ஒரு வேலை செய்திருக்கிறாங்கள். முந்தி குப்பைக் காசு தண்ணி பில்லோட சேந்து வரும், எவ்வளவு குப்பை போட்டாலும் ஒண்டுதான். 2000ல அத மாத்தி, நகரசபையின்ட பையக் காசு குடுத்து வாங்கி அதுக்குள்ள போட்டாத்தான் எடுப்பம் எண்டு வச்சிட்டாங்கள். பிரிச்சுக் குடுக்கிற போத்தல், அட்டைக்குக் காசில்லை. அப்ப ஆர்தான் பிரிக்காம விடுவினம்? குப்பை குறைஞ்சா பை குறையும், பை குறைஞ்சா காசு மிச்சம். இவ்வளவுதான் விஷயம், ஆனா என்ன மாதிரி வேலை செய்யுது பாருங்கோ.

நான் இத இவ்வளவு சொல்லுறதுக்குக் காரணம் திருகோணமலை டவுனுக்குள்ள திரியிற எங்கட மான்கள். கோட்டை வாசலடியிலயும் கடற்கரைப் பக்கமும் சனம் குப்பை கட்டிப்போட்ட சொப்பிங் பேக்கக் கிழிச்சு, சோத்தோட சேத்து அந்த பேக்கையும் மெண்டு விழுங்கிறத எத்தினை தரம் பாத்திட்டம். பாக்க வயிறு எரியுது. வேற ஊர்ச் சனம் படம் எடுக்க வாற மான், எங்கட சாப்பாட்டு மிச்சத்தால சாகிறதா?

இங்கயும் அப்பிடி நேரத்துக்கு வண்டி விட்டா சனம் குப்பையோட வராது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. பாண் ஓட்டோச் சத்தம் கேட்டா சில்லறையோட கேற்றடிக்கு ஓடுறது நாங்கள்தானே, நேரம் தெரியும், சத்தம் தெரியும், அப்ப குப்பைக்கும் வருவம். முதல்ல ஒரு ஒழுங்கையில, சாப்பாட்டு மிச்சத்த மட்டும் மூடி போட்ட வாளியில வேறயாக் குடுத்துப் பாப்பம். உவர்மலைப் பக்கம் ஆருக்கும் விருப்பமெண்டாச் சொல்லுங்கோ, வாளி வாங்கிற காசில என்ர பங்க நான் தாறன்.