பேண்ட் எழுதாத மொரீஷியஸ் கார்டு

ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்கு வானொலி) டிஎக்ஸ்சிசி என்ற விருதுக்கு, உலகில் 100 இடங்களோடு வானொலியில் பேசியதற்கான அத்தாட்சி வேண்டும். நாடுகள் மட்டுமல்ல, அந்தமான், லட்சத்தீவு மாதிரியான தீவுகளும் அதில் தனிக் கணக்கு. போன வருடம் பீரோவிலிருந்த கியூஎஸ்எல் கார்டுகளை, அதாவது பேசியதை உறுதிசெய்து எதிர்முனைக்காரர் அனுப்பும் அட்டைகளை, எல்லாம் எடுத்து எண்ணினேன். 104 தேறின. ஆனால் ஒன்பது கார்டுகளில் நேரமோ மோடோ (பேசிய முறை) பேண்டோ (அலைவரிசை), ஏதாவது ஒன்று விடுபட்டிருந்தது.

விடுபட்டதை நாமே பேனாவால் நிரப்பிவிடலாம் என்று கை பரபரக்கும். செய்யவே கூடாது. திருத்திய கார்டை, விருது தரும் அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் ஏற்காது. அனுப்பியவர் எழுதினால்தான் அது அத்தாட்சி.

மொரீஷியஸ் கார்டுதான் என்னை ரொம்ப அலைக்கழித்தது. 3பி8 என்று தொடங்கும் கால்சைன், அதாவது நிலையத்தின் அடையாளக் குறி. பின்பக்கக் கட்டங்களில் 7 மார்ச் 2001, 20:15, மோட் எஸ்எஸ்பி, சிக்னலின் தரம் 59 எல்லாம் நீல மையில் அழகாக இருந்தன. பேண்ட் கட்டம் மட்டும் காலி. சரி, பேசியதையெல்லாம் குறித்துவைக்கும் என் லாக் புத்தகத்தில் இருக்குமே என்று மார்ச் 7-ஐ இரண்டு தடவை வரி வரியாகப் பார்த்தேன். அப்படி ஒரு கால்சைனே இல்லை. பேசாதவருக்கா கார்டு அனுப்பினார் என்று மனசு கலங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்துத்தான் பொறி தட்டியது. அந்த வருடங்களில் நான் லாக்கை இந்திய நேரத்தில் எழுதிவந்தேன். கார்டில் இருப்பது யூடிசி, உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் 8-ஆம் தேதி அதிகாலை 1:45. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். இரண்டாவது வரியிலேயே அவர் கால்சைன், பக்கத்தில் 14.210 மெகாஹெர்ட்ஸ். 20 மீட்டர் பேண்ட்! சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருந்த காலம் அது, நடுராத்திரி தாண்டியும் அந்த பேண்ட் திறந்தே கிடக்கும்.

இந்த ஐந்தரை மணி நேரக் கணக்கால் இன்னும் நாலு கார்டுகளுக்கு லாக்கில் வரி கிடைத்தது. அமெரிக்கக் கார்டு ஒன்றில் 5/6 என்றிருந்ததை ஜூன் 5 என்று நினைத்துத் தேடியிருக்கிறேன். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள், அது மே 6.

அப்புறம் எல்லோருக்கும் கடிதம். மொரீஷியஸ்காரரின் முகவரியை, ஹாம்களின் விவரங்கள் இருக்கும் கியூஆர்இசட் தளத்தில் சரிபார்த்தேன். லாக் வரியின் நகல், என் புதுக் கார்டு, என் முகவரி எழுதிய உறை, பதில் தபால் செலவுக்கான ஐஆர்சி கூப்பன் எல்லாம் வைத்து, 'உங்கள் லாக்கைப் பார்த்துப் புதுக் கார்டு ஒன்று அனுப்ப முடியுமா' என்று கேட்டிருந்தேன். மூன்று மாதம் கழித்து என் கையெழுத்திலேயே அந்த உறை திரும்பி வந்தது. பேண்ட் கட்டத்தில் 14 மெகாஹெர்ட்ஸ். ஓரத்தில் பெரிதாக 73, ஹாம்களின் வாழ்த்துக் குறி.

ஒன்பதில் ஏழு சரியாகிவிட்டன. இப்போது 102. மீதி இரண்டில் ஒருவர் சைலன்ட் கீ ஆகிவிட்டார், அதாவது காலமாகிவிட்டார். அவர் கார்டில் நேரக் கட்டம் காலியாகவே இருக்கிறது.