இரவோடும் ஓர் உடன்படிக்கை

எங்கள் சபையில் இருள் என்றாலே பிசாசுதான். நானே சண்டே ஸ்கூலில் கறுப்புத் தாளைக் காட்டி "இது பாவம்", வெள்ளைத் தாளைக் காட்டி "இது கழுவப்பட்ட இருதயம்" என்று வருடக்கணக்கில் பாடம் எடுத்தவள். வேதத்தில் அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. தேவன் ஒளியாயிருக்கிறார், அவரில் எவ்வளவேனும் இருளில்லை என்று யோவான் எழுதியிருக்கிறார். ஆனால் யோவான் சொல்கிற அந்த இருளும், தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு நம் தெருவுக்கு வருகிற இருட்டும் ஒன்றுதானா? இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது எந்தப் பிரசங்கமும் இல்லை. ஆமை.

என் தங்கை மகள் கல்லூரியில் படிக்கும்போது ஆமை நடைக்குப் போக ஆரம்பித்தாள். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து செய்துவரும் வேலை அது. ஜனவரி பிறந்ததும் பங்குனி ஆமைகள் என்கிற கடலாமைகள் முட்டையிடக் கரையேறத் தொடங்கும். இவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ராத்திரியில் மணலிலேயே நடந்து, முட்டைக் குழிகளைத் தேடி, முட்டைகளை எடுத்து வந்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துவைப்பார்கள். விட்டுவைத்தால் நாய் தோண்டிவிடும். ராத்திரி நேரத்தில் வயசுப்பெண் கடற்கரையில் நடப்பதாவது என்று வீட்டில் பேச்சு வந்ததால், காவலுக்கென்று நான் கூடப் போனேன். காவல்காரிக்கு முழங்கால் வலி என்பது வேறு விஷயம்.

மணலில் இறங்கியதும் டார்ச்சைப் போட்டேன். "பெரியம்மா, அதை அணைங்க" என்றாள். "கால்ல ஏதாவது குத்தினா?" என்றேன். "குத்தினாப் பரவாயில்லை. வெளிச்சத்தைப் பார்த்தா ஆமை கரையேறாமத் திரும்பிப் போயிடும்."

கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிட்டது. நுரை தெரிந்தது, இழுத்துப் போட்டிருந்த படகுகள் தெரிந்தன, ஓடுகிற நண்டுகூடத் தெரிந்தது. அப்புறம் ஓரிடத்தில் டிராக்டர் டயர் பதிந்த மாதிரி ஒரு தடம் கடலிலிருந்து மேலேறி, வளைந்து, மறுபடி கடலுக்கே போயிருந்தது. தாய் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு பையன் குச்சியால் மணலை மெல்லக் குத்திப் பார்த்து, இளகிய இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டினான். முழங்கைக்கு மேல் கை உள்ளே போன பிறகுதான் முட்டைகள் தட்டுப்பட்டன. எண்ணி எண்ணிப் பைக்குள் வைத்தார்கள், நூற்றுக்கும் மேல்.

குஞ்சு பொரிய ஒன்றரை மாதம் போல ஆகுமாம். வெளியே வந்த குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று சொல்லித்தரத் தாய் கிடையாது. எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நடக்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மனிதர் விளக்குப் போடாத காலத்தில் அது கடலாகத்தான் இருந்தது. முன்னால் நிலவும் நட்சத்திரமும் தண்ணீரில் பட்டுத் தெரிகிற மங்கலான ஒளி, பின்னால் கரையின் கறுப்பு. இப்போது சாலை விளக்கும் ஓட்டல் விளக்கும் பங்களா காம்பவுண்டு விளக்கும் கடலைவிடப் பிரகாசம். குஞ்சுகள் ரோட்டைப் பார்த்து நடந்துவிடுகின்றன. வழியில் நாய், விடிந்தால் காக்கை, அதற்கும் தப்பினால் வெயில்.

வெளிச்சத்தை நோக்கி நட என்று நான் பிள்ளைகளுக்குச் சொன்னதை அப்படியே செய்து சாகிறது ஒரு ஜீவன். வீட்டுக்கு வந்து 104ஆம் சங்கீதத்தை எடுத்தேன். சின்ன வயசில் மனப்பாடம் செய்ததுதான். "நீர் இருளைக் கட்டளையிடுகிறீர், இராக்காலமாகும், அதிலே சகல காட்டு ஜீவன்களும் நடமாடும்." இருள் தானாக வந்து கவிழ்ந்தது இல்லை, பிசாசு கொண்டுவந்ததும் இல்லை, கர்த்தர் கட்டளையிட்டு வருகிறது. அடுத்த வசனத்தில் பாலசிங்கங்கள் தேவனிடம் ஆகாரம் தேடி கெர்ச்சிக்கின்றன. ஏறக்குறைய அது அவற்றின் ஜெபம். சூரியன் உதித்ததும் அவை ஒதுங்கிப் படுக்க, அப்போதுதான் மனுஷன் வேலைக்குக் கிளம்புகிறான், அதுவும் சாயங்காலமட்டும். இரவு யாருக்கு, பகல் யாருக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறது சங்கீதம். நம் பங்கு சாயங்காலத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆதியாகமத்தையும் பார்த்தேன். வெளிச்சம் நல்லது என்று தேவன் கண்டார். இருளை நல்லது என்று சொல்லவில்லை, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் துரத்தவும் இல்லை. பேர் வைத்தார், எல்லை வைத்தார், நாலாம் நாளில் அதை ஆளச் சின்னதாக ஒரு சுடரையும் வைத்தார். பெரிய சுடரை இரவுக்கும் சேர்த்து எரியவிட அவருக்கு முடியாமலா போயிருக்கும்?

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது எரேமியா 33. எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, தீர்க்கதரிசி காவல்முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் கர்த்தர் அவருக்குச் சொல்வது: பகலோடும் இரவோடும் நான் பண்ணிய உடன்படிக்கையை உங்களால் குலைக்க முடிந்தால்தான், தாவீதோடு நான் பண்ணிய உடன்படிக்கையும் குலையும். நோவாவோடு, ஆபிரகாமோடு என்று பட்டியல் ஒப்பிப்பேன். இரவோடும் கர்த்தர் உடன்படிக்கை பண்ணியிருக்கிறார் என்பதை எந்தக் கன்வென்ஷன் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை.

அந்த உடன்படிக்கைக்குள் நாமும்தான் இருக்கிறோம். என் கணவரை ஒரு ஆஸ்பத்திரியில் ஐசியூவில் வைத்திருந்தபோது அங்கே ராத்திரி என்பதே இல்லை. எந்நேரமும் டியூப்லைட், எந்நேரமும் கருவிகளின் பீப் சத்தம். இரண்டொரு நாளில் அவர் குழம்பிப்போனார். விடியற்காலை மூன்று மணிக்கு ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று கையில் போட்டிருந்த ஊசியைப் பிடுங்கினார். என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். வயதானவர்களுக்கு ஐசியூவில் இது சகஜம், தூக்கம் கெடுவதும் ஒரு காரணம் என்றார் டாக்டர். வார்டுக்கு மாற்றிய அன்று ராத்திரி நர்ஸம்மா விளக்கை அணைத்தார். என் கணவர் தூங்கினார். ஒரே ராத்திரியில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் மறுநாள் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, காப்பி கேட்டார். தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்கிற வசனத்தை நாங்கள் கல்லறைகளில் எழுதிவைக்கிறோம். அது அந்த வார்டுக்கும் உரியது.

எங்கள் ஊர்ப் பக்கம், தூத்துக்குடி மாவட்டத்து முதலூர், நாசரேத்தில் பனையேறிகளுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். ராத்திரி முழுக்கப் பதநீர் தானாகச் சொட்டும். வெயில் ஏறுமுன் போய் இறக்க வேண்டியதுதான் பாக்கி.

சரி, "அங்கே இராக்காலமிராது" என்று வெளிப்படுத்தலில் இருக்கிறதே என்று வேதபாட வகுப்பில் ஒரு அண்ணாச்சி மடக்கினார். நியாயமான கேள்வி. புதிய பூமியில் சமுத்திரமும் இல்லை என்று அதே புத்தகம் சொல்கிறது, அதற்காக யாரும் இப்போதே மெரினாவைத் தூர்க்கக் கிளம்பவில்லையே என்றேன். கர்த்தரே வெளிச்சமாக இருக்கும் நாள் வரும்போது இரவுக்கு வேலை இருக்காது. அதற்குமுன் ஹைமாஸ்ட் லைட்டைப் போட்டு நாம் முந்திக்கொள்வானேன்? அண்ணாச்சி சிரித்தார், ஒத்துக்கொள்ளவில்லை. இருட்டுக்குப் பயப்படுகிறவர்களை நான் கேலி செய்யவும் இல்லை. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து தனியாக நடந்து வருகிற பெண்ணுக்குத் தெருவிளக்கு வேண்டும். யாருமில்லாத மணலுக்கு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

அதைக் கமிட்டியிலும் கேட்டேன். எங்கள் ஆலயம் கடற்கரைக்குக் கிட்டத்தில்தான். கோபுரத்துச் சிலுவைமேல் அடிக்கிற இரண்டு ஃபோகஸ் விளக்குகளில் ஒன்று நேராகக் கடற்கரையைப் பார்த்து நிற்கிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை அதை ராத்திரி பத்து மணிக்கு அணைக்கலாமா என்றேன். கர்த்தருடைய வீட்டு விளக்கை அணைப்பதா என்று ஒருவர் எழுந்தேவிட்டார். சின்ன சாமுவேல் கர்த்தருடைய சத்தத்தைக் கேட்டதே ராத்திரியில்தானே என்றேன். அப்போதும் விளக்கு அணையவில்லை என்று அவர் வசனத்தைப் புரட்டிக் காட்டினார். அது எண்ணெய் விளக்கு ஐயா, 200 வாட்ஸ் எல்இடி இல்லை என்றேன்.

கடைசியில் பொருளாளர்தான் என் பக்கம் வந்தார், கரன்ட் பில்லை முன்னிட்டு. முழுசாக அணைக்கச் சம்மதமில்லை. கடல் பக்கத்து விளக்குக்கு ஒரு தகர மறைப்பு, பத்தரைக்கு மேல் டைமர் என்று முடிவாயிற்று. எலக்ட்ரீஷியன் அடுத்த வாரம் வருகிறேன் என்றிருக்கிறார். போன வாரமும் அதையேதான் சொன்னார்.