சரிவில்லாத நீர்: கூவம் முதல் அடையாறு வரை பக்கிங்காம் கால்வாயோரம்

சென்னை மாநகருக்குள் பக்கிங்காம் கால்வாய் மூன்று துண்டுகளாகக் கிடக்கிறது. எண்ணூர்ப் பக்கமிருந்து வந்து கூவத்தில் முடிவது வடக்குத் துண்டு. கூவத்தில் தொடங்கி அடையாற்றில் முடிவது நடுத்துண்டு. அடையாற்றைத் தாண்டி, பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடையே கோவளம் நோக்கிச் செல்வது தெற்குத் துண்டு. இவற்றுள் நடுத்துண்டு 7 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி என்று ஊரின் பழைய குடியிருப்புகளுக்குக் கொல்லைப்புறமாகவே அது செல்வதால், அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட அதனை முழுநீளத்துக்குப் பார்க்கும் வாய்ப்பு அமைவதில்லை. சுவாமி சிவானந்தா சாலைக்கும் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலைக்கும் இடைப்பட்ட பகுதியில் சீரமைப்பு வேலை நடப்பதால், என்ன செய்கிறார்கள் என்று பார்க்கவும், மிச்சப் பகுதி எந்த நிலையில் இருக்கிறது என்று அறியவும் கூவத்திலிருந்து தெற்கு நோக்கி நடந்தேன்.

கரையோரமாகவே நடந்துவிட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரை சிறிது தூரம் இருக்கும். பிறகு ஒரு மதிலோ, ரயில் நிலையத்தின் வாகன நிறுத்துமிடமோ, வீடுகளின் வரிசையோ குறுக்கிடும். அங்கே தெருவுக்குள் விலகிச் சென்று, அடுத்த பாலத்தில் மறுபடியும் கால்வாயைப் பிடிக்க வேண்டும். ஆகையால் இந்த நடையில் பாதி நேரம் பாலங்களின் கைப்பிடிச் சுவர்மீது சாய்ந்து எட்டிப் பார்ப்பதிலேயே கழியும்.

இக்கால்வாயின் வடபகுதியே மூத்தது. பாசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் எண்ணூர் வரை வெட்டிய நீர்வழி 1806-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அவருடைய பெயர் கொருக்குப்பேட்டைப் பக்கம் காக்ரேன் பேசின் சாலையில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1837-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பின்னர் வடக்கே பழவேற்காட்டைத் தாண்டி ஆந்திரக் கரையோரம் பெத்தகஞ்சாம் வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் நீட்டப்பட்டு, ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளமுள்ள உப்புநீர்ப் படகுவழியாக அது ஆயிற்று. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு மட்டும் நெடுங்காலம் விடுபட்டே கிடந்தது. அந்த இடைவெளியை நிரப்பியது தாது வருஷப் பஞ்சம்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய அந்தப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே நான் நடந்த துண்டு. அப்போது மதராஸ் கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரே பிறகு முழுக் கால்வாய்க்கும் வழங்கலாயிற்று. அந்தக் காலத்து நிவாரணக் கூலியைப் பற்றிய ஒரு செய்தியை இங்கே பதிவு செய்யாமல் கடக்க மனம் ஒப்பவில்லை. 1877-இன் தொடக்கத்தில், பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று வகுத்தார். அதாவது, மண் வெட்டிச் சுமப்பவருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் அளவு சற்றே உயர்த்தப்பட்டது. கவர்னரின் பெயர் நிலைத்த இந்தக் கால்வாயில், வெட்டியவர்களைக் குறிக்கும் கல்லொன்றும் வழியில் என் கண்ணில் படவில்லை.

தொடக்க இடம் சுவாமி சிவானந்தா சாலைக்கு அருகே, கூவத்தின் தென்கரை. அங்கே நின்று பார்த்தால் இந்தக் கால்வாயின் அடிப்படைச் சிக்கல் விளங்கிவிடும். ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். இதுவோ கடற்கரைக்கு இணையாகச் சமதளத்தில் வெட்டப்பட்டது. சரிவு என்பதே ஏறத்தாழ இல்லை. படகுக்கு அது வசதி. எந்தத் திசையிலும் போகலாம், கரையில் இருவர் கயிறு கட்டி இழுத்தாலே போதும். ஆற்றைக் கடக்கும் இடங்களில் மதகுக் கதவுகளை வைத்து நீர்மட்டத்தைக் காத்தார்கள். படகும் போய், கதவுகளும் செயலிழந்த பிறகு, இதற்குள் விழும் எதுவும் தானாக வெளியேற வழியில்லை. எண்ணூர், கூவம், அடையாறு, கோவளம் ஆகிய முகத்துவாரங்களின் வழியாக ஏறி இறங்கும் கடல் ஓதமே இதன் ஒரே மூச்சு. அந்த ஓதமும் நம் கடற்கரையில் அதிகம் போனால் ஒரு மீட்டர் அளவே ஏறும். போதாக்குறைக்கு, கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்காக மணலைச் சுமந்துகொண்டே வருவதால் கூவம், அடையாறு இரண்டின் வாயும் மழையில்லாத மாதங்களில் மணல்திட்டால் அடைபடும். துறைமுகம் கட்டப்பட்டபின் அதன் தென்புறத்தில் மணல் சேர்ந்துதான் மெரினா இத்தனை அகலமாயிற்று. கூவத்தின் வாயும் அந்த மணலுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டது.

சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தைக் கடந்ததும் மிதவைமீது ஏற்றிய பொக்லைன் ஒன்று தூர் வாரிக்கொண்டிருந்தது. அதன் வாளி ஒவ்வொரு முறை எழும்போதும் தார்போலக் கறுத்த சேறு வழிந்தது. அதனூடே தேங்காய் மட்டை, பாதிச் சேலை, கரைக்கப்பட்ட பிள்ளையாரின் மூங்கில் சட்டம், எண்ணற்ற பால் பாக்கெட்டுகள். வாளி இறங்கிய இடத்தில் சிறிது நேரத்துக்குக் குமிழிகள் கிளம்பிக்கொண்டே இருந்தன. அழுகிய முட்டையின் நாற்றம் அப்போதுதான் முகத்தில் அடித்தது. இந்த நாற்றம் வெறும் சாக்கடையினுடையது அன்று. கடல்நீரில் சல்பேட் இயல்பாகவே உண்டு. உயிர்வளி தீர்ந்துபோன சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதனை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றிவிடுகின்றன. கால்வாயோரக் குடித்தனங்களில் குத்துவிளக்கும் வெள்ளிக் குங்குமச்சிமிழும் எத்தனை துலக்கினாலும் சீக்கிரம் கறுத்துவிடுவதாகச் சொல்வார்கள். அதற்கும் இந்த வாயுவே காரணம்.

வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்திருந்தார்கள். ஈரம் வடிந்தபின் லாரியில் ஏற்றுவதே வழக்கம் என்று அங்கிருந்தவர் ஒருவர் சொன்னார். குவியலின் அடியிலிருந்து கறுப்பு நீர் மெல்லிய ஓடையாகக் கசிந்து கால்வாய்க்கே திரும்பிக்கொண்டிருந்தது. அதைவிட என்னை உறுத்தியது எதிர்க்கரையில் இருந்த ஒரு குழாய். மழைநீர் வடிகாலின் வாய் அது. பல நாட்களாக ஊரில் ஒரு துளி மழை இல்லை. ஆயினும் அந்தக் குழாயிலிருந்து சாம்பல்நிற நீர் சீராக ஊற்றிக்கொண்டிருந்தது. வெயில் காலத்தில் ஓடும் மழைநீர் வடிகால் எதுவாயினும் அதில் ஓடுவது வீட்டுக் கழிவுநீரே என்று கொள்ளலாம். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. அதன்பின் ஒவ்வொரு பாலத்திலும் நான் முதலில் தேடியது இத்தகைய வாய்களையே. தேடிய இடத்திலெல்லாம் அகப்பட்டன.

திருவல்லிக்கேணியிலிருந்து தெற்கே கால்வாய்க்கு மேலே வானமே இல்லாமல் போகிறது. பறக்கும் ரயிலுக்குத் தனியாரிடம் நிலம் எடுக்கும் செலவும் வழக்கும் வேண்டாமென்று கால்வாயின் தடத்தையே பாதையாகக் கொண்டார்கள். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இலும், திருமயிலை வரை 1997-இலும், திருவான்மியூர் வரை 2004-இலும் ரயில் ஓடத் தொடங்கியது. தூண்கள் கரையோரத்தில் மட்டும் நிற்கவில்லை, நீருக்குள்ளேயே நிற்கின்றன. ஒவ்வொரு தூணின் வடபுறத்திலும் ஆகாயத்தாமரையும் நெகிழிக் குப்பையும் மெத்தையாகச் சேர்ந்திருக்கின்றன. நிலையங்கள் அமைந்த இடங்களிலோ கால்வாய் ஏறத்தாழ ஒரு குகைக்குள் நுழைந்து வெளியேறுகிறது. கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்தவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று கூறி, 2000-க்குப் பிறகு கண்ணகி நகருக்கும் பின்னர் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். அவர்களில் பலர் வேலை பார்த்த வீடுகளும், மீன் விற்ற தெருக்களும், பிள்ளைகள் படித்த பள்ளிகளும் இங்கேயே இருக்கின்றன. கால்வாயின் அகலத்தை அதிகம் தின்றது குடிசையா தூணா என்பதை ஒரு பாலத்தில் நின்று பார்த்தாலே தெரியும். ரயில் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நானும் அதில்தான் போகிறேன். ஆனால் ஆக்கிரமிப்பு அகற்றம் என்று அறிவிக்கும்போது கணக்கு ஒரு பக்கமாகவே எழுதப்படுகிறது.

மயிலாப்பூரில் தண்ணீர்த்துறை மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் வாழைக்காய் வியாபாரி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபதைத் தாண்டியவர்.

“சின்ன வயசுல இங்க படகு வரும் சார். சவுக்கு வெறகு, கிளிஞ்சல், வைக்கோல் எல்லாம் இங்கதான் எறங்கும். ரெண்டு பேரு கயித்தத் தோள்ல போட்டுக்கினு கரையில இழுத்துக்கினே வருவாங்க.”

“இப்போது தூர் வாருகிறார்களே, பார்த்தீர்களா ஐயா?”

“வாருவாங்க. வருஷா வருஷந்தான் பாக்கறோமே. இந்தத் தண்ணி எங்கயாச்சும் போனாத்தானே சார் அது கால்வா?”

சமதளக் கால்வாயைப் பற்றி நான் படித்து அறிந்ததை அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். அவர் சொன்ன கிளிஞ்சல் வடக்கே பழவேற்காட்டுப் பக்கமிருந்து சுண்ணாம்புக் காளவாய்களுக்காக வந்தது. ஊரின் பழைய காரைச் சுவர்களில் பல அந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்பால் எழுந்தவை. விறகு, உப்பு, அரிசி ஆகியவற்றோடு ஆட்களும் படகில் போனார்கள். மாமல்லபுரம் பார்க்கப் போகிறவர்கள் மாலையில் படகேறித் தூங்கி, காலையில் அங்கே விழித்தது இக்கால்வாயில்தான். சாலையும் லாரியும் பெருகி, 1960-களின் புயல்கள் கரைகளைச் சிதைத்தபின் போக்குவரத்து அற்றுப்போயிற்று. 2008-இல் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக இக்கால்வாய் அறிவிக்கப்பட்டது. தூண்களுக்கு இடையே சரக்குப் படகு எப்படிப் போகும் என்பதை அறிவித்தவர்கள் ஒருமுறை மந்தைவெளிக்கு வந்து பார்த்திருக்கலாம்.

மந்தைவெளிக்குத் தெற்கே சொல்வதற்கு அதிகமில்லை. பசுமைவழிச் சாலை நிலையத்தைத் தாண்டி அடையாற்றை நெருங்கும்போது காற்று மாறுகிறது. கால்வாய் ஆற்றோடு சேரும் இடத்தில் நீர் அப்போது வடிந்துகொண்டிருந்தது; சேற்றுத்திட்டில் மடையான்களும் ஒரு நீர்க்காகமும் இருந்தன. கறுப்பு நீரும் பழுப்பு நீரும் கலக்கும் கோடு தெளிவாகத் தெரிந்தது. சேருமிடத்தில் மண் மேடிட்டிருந்ததால், ஆறு வடிந்த அளவுக்குக் கால்வாய் வடியவில்லை என்பதையும் அங்கே காண முடிந்தது. நடுவில் எத்தனை ஆழமாகத் தூர் வாரினாலும், இந்த வாசற்படி உயர்ந்திருக்கும் வரை உள்ளே இருப்பது குளமே.

ஆகவே சீரமைப்பு என்றால் எதை மீட்பது என்ற கேள்விக்கு வருகிறேன். படகுக் கால்வாயை மீட்பது நடுத்துண்டில் இனி இயலாது. மீட்கக்கூடியவை இரண்டு. வடகிழக்குப் பருவமழையில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்த் தெருக்களின் வெள்ளத்தை வாங்கி இரு ஆறுகளுக்கும் பிரித்துவிடும் வடிகாலாக அது வேலை செய்ய வேண்டும்; மற்ற மாதங்களில் கடல் ஓதம் நாளுக்கு இருமுறை உள்ளே வந்து வெளியேற வேண்டும். இவ்விரண்டுக்கும் கைப்பிடிக் கம்பியும், பூச்செடியும், சுவரோவியமும் உதவா. வேலை இரு முனைகளிலிருந்து தொடங்க வேண்டும்: கூவம், அடையாறு ஆகியவற்றின் வாய்களை ஆண்டு முழுவதும் திறந்து வைப்பது, கால்வாய் ஆறுகளோடு சேருமிடத்து மேட்டை அகற்றுவது, பின்னர் உள்நோக்கி வந்து வெயில்காலத்தில் ஊற்றும் வடிகால் வாய் ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து, அதில் எந்தத் தெருவின் கழிவுநீர் கலக்கிறது என்று கண்டு அதனைக் கழிவுநீர்க் குழாயில் இணைப்பது. கடைசி வேலை கண்ணில் படாதது. அடிக்கல் நாட்டவும் முடியாதது. தூர் வாருவது அதன் பிறகு செய்தால் நிலைக்கும். இப்போது நடப்பது தலைகீழ் வரிசை என்பதே என் எண்ணம். கரைச்சுவர் கட்டும் வேலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சரிந்த கரையால் அஞ்சி வாழும் வீடுகளை வழியில் பார்த்தேன். ஆனால் சுவர் நீரைத் தூய்மையாக்காது.

நடந்து பார்க்க விரும்புகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் காலை ஆறரை மணிக்குள் தொடங்குவது நல்லது. ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வடியும் நேரத்தில் அடையாற்று முனையில் இருக்குமாறு திட்டமிடுங்கள். அங்கே கால்வாய் நீர் அசைகிறதா, எந்தப் பக்கம் அசைகிறது என்பதைப் பாருங்கள். கெட்டியான காலணி அவசியம். குடிநீரை மறக்க வேண்டாம்; பசித்தால் மயிலாப்பூர் இருக்கிறது. தெற்குத் துண்டில் ஒக்கியம் மடுவு வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்து நீர் கால்வாயில் சேருமிடம் வரை அடுத்த நடையை வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அங்கே திருவான்மியூரைத் தாண்டியபின் ரயில் தூண்கள் இல்லை, அகலமும் மிச்சமிருக்கிறது என்பதால் அதைத் தனியாகவே எழுத வேண்டும்.