தெனியாயவில் ஒரு கித்துல் மரத்தடியில்

எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பா நட்ட கூந்தல்பனை மூன்று வருஷத்துக்கு முன் உச்சியில் பூத்தது. பெரிய சடையை அவிழ்த்து விட்ட மாதிரி குலை இறங்கியதைப் பார்க்கத் தெருவே வந்தது. அம்மா மட்டும் சந்தோஷப்படவில்லை. "பூத்துட்டா அப்புறம் நிக்காதுன்னு அப்பா சொல்லிட்டிருந்தாரே" என்றாள்.

அந்த மரத்தைக் காப்பாற்ற வழி கேட்கவே இலங்கைப் பயணத்தில் தெனியாயவுக்கு இரண்டு நாள் ஒதுக்கினேன். மாத்தறையில் பஸ் ஏறி அக்குரஸ்ஸ தாண்டினால் தேயிலையும் மழையும்தான். சிங்கராஜக் காட்டின் ஓரத்து ஊர் அது. காட்டை ஒட்டிய தோட்டங்களில் கித்துல் மரம் தானாகவே முளைத்து நிற்கிறது. நம் கூந்தல்பனையைத்தான் அங்கே கித்துல் என்கிறார்கள். தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். பனைக் குடும்பத்தில் ஓலை இரண்டு முறை பிரிந்து கிளைப்பது கூந்தல்பனை வகைகளுக்கு மட்டும்தான். ஒவ்வொரு சிற்றிலையும் நுனியில் யாரோ கடித்து எடுத்ததுபோல், அச்சு அசல் மீன் வால்.

பக்கத்து எஸ்டேட்டில் பிறந்த தம்பி ஒருவர் துணைக்கு வந்தார். கித்துல் பதநீரைப் பாணியாகக் காய்ச்சும் சிங்களப் பெரியவரை அவர் "மாமா" என்றுதான் கூப்பிட்டார். "அண்ணே, மாமா மரம் ஏறும்போது பேச்சுக் கொடுக்காதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மரத்தில் குறுக்குக் கம்புகளை வரிசையாகக் கட்டி ஏணி மாதிரி வைத்திருந்தார்கள். பெரியவர் மேலே போய், குலை நுனியில் கத்தியை வைத்து, தாள் கனத்துக்கு ஒரே ஒரு சீவல் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. காலையும் மாலையும் இப்படித்தான். பாளை விரியும் முன்பே அதில் ஒரு மருந்து வைத்துக் கட்டுகிறார்கள். சாம்பல், சுண்ணாம்பு, மிளகு என்று வீட்டுக்கு வீடு பக்குவம் வேறு. வெளியாளுக்குச் சொல்ல மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. நம்மூரில் பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவோம். இங்கே ஹல் மரத்தின் பட்டையைப் போடுகிறார்கள்.

மண்சட்டியில் எருமைத் தயிர், மேலே கித்துல் பாணி. விறகுப் புகையின் வாசம் அந்த இனிப்போடு சேர்ந்தே வந்தது. பனங்கருப்பட்டியில் வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாகவே இல்லை.

என் மரத்தைப் பற்றிக் கேட்டேன். போனில் இருந்த படத்தைப் பெரியவர் நெடுநேரம் பார்த்தார். முதல் குலை உச்சியில், அடுத்தது அதற்குக் கீழே, அப்படியே இறங்கி இறங்கிக் கடைசிக் குலை வரும்வரை மரம் இருக்கும், சில வருஷம் ஆகும் என்றார். பூக்கத் தொடங்கிய பிறகு புது ஓலை விடாது. அதுவரை தண்டுக்குள் சேர்த்த மாவுச்சத்தையெல்லாம் குலைகளுக்குக் கொடுத்துத் தீர்க்கிறது. பூக்காத மரத்தை வெட்டினால் மாவு கிடைப்பது இதனால்தான். அந்த மாவில் களி கிண்டுகிறார்கள். உரம் போட்டோ குலையை வெட்டியோ மரத்தைக் காப்பாற்றலாம் என்று நினைத்திருந்தேன். வழியில்லை. வேறு கன்று வைக்க வேண்டியதுதான்.

ஊர் திரும்பியபோது எங்கள் மரத்தின் மேல் குலை செக்கச்செவேலென்று பழுத்திருந்தது. வெறுங்கையால் பழத்தைப் பிசைந்து கொட்டை எடுத்தேன். பெரிய தவறு. பழச்சதையில் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. இரவெல்லாம் கை எரிந்தது. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு 'யூரென்ஸ்' என்று பெயர் வைத்தார். எரிப்பது என்று அர்த்தம். நீங்கள் எடுப்பதானால் கையுறை போடுங்கள். கொட்டையைக் காயவிடாமல் உடனே ஊன்றுங்கள். பை ஆழமாக இருக்கட்டும், முளை நேரே கீழே இறங்கும். நிழலும் ஈரமும் போதும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பையைக் கிளறிப் பார்க்காதீர்கள்.

ஒன்பது பை வைத்தேன். நாலாவது மாசம் அம்மாதான் முதலில் பார்த்தாள். ஒரு பையில் பச்சை ஊசி ஒன்று எழும்பியிருந்தது. பத்து நாளில் விரிந்தது. விரல் நீளம்கூட இல்லாத அந்த முதல் இலையே நடுவில் இரண்டாகப் பிளந்து, ஓரம் கடிபட்டதுபோல் இருந்தது. அம்மா அதை மரத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தாள், நிழல் படுகிற பக்கமாக.